சொட்டாத வண்டி

வண்டி நின்ற இடத்தில் விரித்திருந்த அட்டையைக் கையில் எடுத்தபோதுதான் கெர்பனுக்குச் சந்தேகம் தட்டியது. அட்டை மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. ஒரு சொட்டுக் கறை இல்லை.

பழைய மோட்டார்சைக்கிள் வாங்கி விற்கிறவனுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. ஒரு வாரமாக ஹோர்ன் நகரம் முழுக்க அவன் இதைச் சொல்லித்தான் பீற்றிக்கொண்டிருந்தான். ஆனால் சற்று முன்னால், ஹார்லிங்கனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அதே வண்டியில் கிளம்பிய அவன் மனைவி ஹெஸ்தர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாள்: "கூலண்ட் மறுபடியும் குறைஞ்சிருந்துச்சு. ஊத்திட்டேன்!"

அவனும் சிரித்துக் கையாட்டி அனுப்பிவைத்தான்.

மறுபடியுமா? எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தத் தண்ணீரைச் சனிக்கிழமைதானே அவன் ஊற்றினான்? கல்லாவுக்குக் காசு வராமல் சரக்கு மட்டும் குறைந்தால், கடைக்குப் பின்வாசல் இருக்கிறது என்று எந்த வியாபாரிக்கும் தெரியும். தரையில் சொட்டவில்லை. அன்று குழாய்களைத் தடவிப் பார்த்தபோதும் ஈரமில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. அப்படியென்றால் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேதான் போகிறது. ஆயிலில் கலக்கிறது.

தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடும் எஞ்சின் சொல்லிக்கொண்டு நிற்காது. ஓடுகிற வேகத்திலேயே இறுகும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஹெஸ்தர் இந்நேரம் கடலை மறித்துப் போட்ட அணைச் சாலையில் ஏறியிருப்பாள். முதுகை ஒட்டி லாரிகள் வரும்.

போன் அடித்தான். எடுக்கவில்லை. வண்டிப் பெட்டிக்குள் அது அடித்துக்கொண்டே போவது அவன் காதில் விழுந்ததுபோல் இருந்தது.

தன் வேனில் அவள் பின்னால் விரட்டியபடியே, வண்டியைத் தனக்கு விற்ற லாமர்ட்டைப் போனில் பிடித்தான்.

"என்ன முதலாளி? வித்தது வித்ததுதான். திருப்பித் தர்ற பேச்சே வேணாம்."

"திருப்பித் தரலய்யா. வாட்டர் பம்ப்ல என்ன பண்ணினே? அதை மட்டும் சொல்லு."

"கேட்டது காஞ்ச வண்டி. குடுத்தது காஞ்ச வண்டி. அப்புறம் என்ன?"

"என் பொண்டாட்டி அதுல போயிட்டிருக்கா, லாமர்ட். அணை மேல."

பேரம் அங்கேயே நின்றது. லாமர்ட்டின் குரல் இறங்கியது. "பம்புக்கு அடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்குமில்ல... அதுல சொட்டிட்டிருந்துச்சு. பசையை வச்சு அடைச்சிட்டேன்."

"அடப்பாவி! சீல் போச்சுன்னா வெளியில சொட்டிக் காட்டத்தானேய்யா அந்த ஓட்டையே! அதை அடைச்சா தண்ணி எங்க போகும்?"

"நீதானே சொன்னே? வண்டிக்கு அடியில ஒரு சொட்டு பார்த்தாலும் வந்த வழியே திரும்பிருவேன்னு. சொட்டு வேணாம்னே. இல்லாம பண்ணினேன்."

லாமர்ட் சொன்னது உண்மைதான். வண்டி வாங்கும்போது விலையைக் குறைக்கக் கெர்பன் எல்லோரிடமும் முதலில் வீசும் மிரட்டல் அது. சொட்டு பார்த்திருந்தால்கூடத் திரும்பியிருக்க மாட்டான்; இன்னும் கொஞ்சம் குறைத்திருப்பான், அவ்வளவுதான்.

அணையின் முக்கால்வாசி தாண்டியதும் முன்னால் சிவப்பு விளக்குகள். வண்டிகள் எல்லாம் நின்றிருந்தன. வேனை அப்படியே விட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல், லாரிகளுக்கு நடுவே ஓடினான். எதையோ பார்த்தபடி ஆட்கள் இறங்கி நின்றிருந்தார்கள். குனிந்து பார்க்கத் தைரியமில்லாமல் நிமிர்ந்தே போனான்.

விபத்து இல்லை; படகுகளுக்கு வழிவிட, சாலையின் நடுவே இருந்த பாலம் தூக்கியிருந்தது. ஒரு பாய்மரப் படகு சாவகாசமாகக் கடந்துகொண்டிருந்தது. தடுப்புக் கட்டைக்கு முன்னால், வண்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் ஹெஸ்தர்.

"வா வா. உன் வண்டி காபி போட ஆரம்பிச்சிருச்சு, பாரு."

எஞ்சின் பக்கவாட்டில் இருந்த வட்டக் கண்ணாடிக்குள், தண்ணீர் கலந்த ஆயில் பால்காபி நிறத்தில் நுரைத்திருந்தது.

"பாலம் தூக்குறாங்களேன்னு எஞ்சினை அணைச்சேன். கையுறை விழுந்துச்சுன்னு குனிஞ்சப்பதான் பார்த்தேன்," என்றாள். "ஏன் இப்படி வெளுத்துப்போய் நிக்கிற?"

அவன் மண்டியிட்டு, வேன் சாவியால் பம்புக்கு அடியில் இருந்த பசையை நெம்பினான். சாவி இரண்டுமுறை வழுக்கியது. கட்டி விழுந்ததும் பச்சையாய் ஒரு சொட்டு சாலையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

பாலம் இறங்கியது. பின்னால் ஹாரன் அலறியது. "யோவ், அந்த வேன் யாரோடதுய்யா?" என்று எவனோ கத்தினான்.

"ஒரு சொட்டுகூட இல்லைன்னு ஊரெல்லாம் சொன்னியே, இப்ப சொட்டுதே?" என்றாள் ஹெஸ்தர்.

"சொட்டட்டும்," என்று அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.