அமலோற்பவத்தின் எடை

அந்த ஊர் லிஃப்டுகளுக்குப் பெண்களின் எடை தெரியாது. பெண் ஏறினால் எடை காட்டும் பலகையில் சைபர் விழும், பெட்டி நகராது. கூட ஓர் ஆண் வரவேண்டும், இல்லாவிட்டால் அரை மூட்டை அரிசி. மேல்மாடிக் குடும்பங்களில் அதற்கென்றே வாசலில் ஒரு மூட்டை இருக்கும். அதை யாரும் சமைக்க மாட்டார்கள்.

அமலோற்பவம் லிஃப்ட் கம்பெனியில் பல வருடமாக ஹெல்பர். பெயருக்குத்தான் ஹெல்பர். மோட்டாரைப் பிரித்து மாட்டுவது அவள், மெக்கானிக் என்று கையெழுத்துப் போடுவது பழனிவேலு. மெக்கானிக் ஆக ஒரே ஒரு பரீட்சைதான். தான் பழுது பார்த்த லிஃப்டில் மூட்டை முடிச்சு இல்லாமல் தனியாக ஏறி, பலகையில் 'ஓர் ஆள்' என்று விழ வைக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டினால் பரீட்சை கிடையாது. அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

ஏறி நின்றாள். சைபர்.

"யாரும் ஏறலையேம்மா" என்றார் பரீட்சை அதிகாரி, அவள் முகத்தைப் பார்த்தே.

மற்ற கம்பெனிகளின் பெண் ஹெல்பர்கள் துணைக்கு வந்திருந்தார்கள். "நாங்களும் ஏறுறோம்க்கா. எல்லாரும் சேந்தா ஒரு ஆள் வராமலா போயிடும்" என்றாள் அவர்களில் ஒருத்தியான ஜைத்தூன். ஏறினார்கள். சைபர். கட்டடத்தைப் பெருக்குகிறவர்கள் ஏறினார்கள், மேல்மாடிப் பெண்கள் மூட்டையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து ஏறினார்கள். சைபர். பாரம் அதிகமானால் அடிக்கிற அந்தப் பாழாய்ப்போன மணியாவது அடித்திருக்கலாம்.

"காலிப் பெட்டிக்குக் கயிறு எதுக்கு? கழட்டி வேற கட்டடத்துல போடுங்க" என்றார் அதிகாரி. பழனிவேலு மேலே போய்க் கழற்றினார்.

கனமில்லாத பெட்டி விழவில்லை. கீழேயே நின்று என்ன செய்வது என்று, உள்ளே இருந்த பெண்கள் கம்பிக்கதவு வழியே கையை நீட்டிச் சுவரைக் கீழ்நோக்கித் தள்ளினார்கள். மேலே போனது. உச்சியில் மோட்டார் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் தம்ளரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். மொட்டை மாடிக்கு மேல் தள்ளுவதற்குச் சுவர் இல்லை. பெட்டி அந்தரத்தில் அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் கம்பெனி அதே இடத்தில் புது லிஃப்ட் மாட்டத் தொடங்கியது. சாமான் தூக்க ஒரு பெண்ணைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அவள் ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்திருந்தாள்.

அமலோற்பவம் மேலே பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்து, சரியாகப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு, "மெதுவா முடிச்சிட்டு வா கண்ணு" என்றாள். "உனக்கு எடம் போட்டு வெச்சிருக்கோம்."

"சரிக்கா" என்று அந்தப் பெண் போல்ட்டை முறுக்கினாள்.