ரெண்டு வாரத்துப் பல்

"என் பல்லு மட்டும் ஏன் டாக்டர் சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. படியில் விழுந்து முன்பல் உடைந்திருந்தது.

"இது ரெண்டு வாரத்துக்குப் போடுற பிளாஸ்டிக் உறைம்மா. முழுக்க ஒரே வெள்ளை. அப்புறம் போடப்போற பீங்கான் உறையில ஈறுகிட்ட லேசா மஞ்சள் இருக்கும், நுனியில வெளிச்சம் ஊடுருவும். நிஜப் பல்லேதான்."

மறுநாள் வகுப்புப் புகைப்படம் என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். கிராம்பு வாசனை வீசும் அந்த அறையில், சாப்பாட்டையும் மறந்து, தற்காலிகப் பல்லுக்கே வண்ணம் தீட்டிக் கொடுத்தார் டாக்டர். படத்தில் அவள் வாய் நிறையச் சிரிக்கிறாள். அந்த உதவியின் அருமை புரியும் வயது வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இன்று அவளும் பல் டாக்டர். முன்பல்லுக்கு அதே வெள்ளை உறை போட வந்து நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு நாளை ஒரு ஹோட்டலில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு.

"ரெண்டு வாரந்தானே மேடம், சிரிக்காம சமாளிச்சுக்கறேன்."

"வரவேற்பு மேசையில உம்முன்னு உக்காந்திருந்தா வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிடுவாங்கம்மா!"

உதவியாளர் சாப்பிடப் போயிருந்தாள். டாக்டர் உள்ளறைக்குப் போய், கடவுளை நினைத்துக்கொண்டு, தற்காலிக உறையின் ஈறுப்பக்கம் மஞ்சளும் நுனியில் சாம்பல் கலந்த நீலமும் மெல்லத் தொட்டு வைத்தாள். வண்ணம் இறுகும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

பொருத்தியதும் அந்தப் பெண் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். "அட, தற்காலிகப் பல்லே இவ்வளவு நல்லா இருக்குமா?"

"ம், இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கைகழுவப் போனாள்.