வெத்து மச்சான்

டிரைவருக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. மறுபடியும் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு என்று தெரிந்த அன்றே அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. இருபத்தாறு வருஷம் ஊரையே ஏற்றி இறக்கியவர், இப்போது குடைகளுக்குக் காவல்.

ஆஸ்பத்திரியில் ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெத்து மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற சிஸ்டருக்கும் தெரியாது. அந்த ரகசியம் ஒட்டிய உறையில், பெரிய டாக்டரின் இரும்பு அலமாரியில் இருக்கும். முடிவில் நெஞ்சடைப்பு குறைந்து, டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் ஒன்பது நிமிஷம் நடந்து காட்டினால், வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போடுவார். கரும்பு தின்னக் கூலியா என்று டிரைவர் சேர்ந்துகொண்டார்.

வினை, மாத்திரையோடு கொடுத்த ஒரு நோட்டு ரூபத்தில் வந்தது. ‘நெஞ்சை அடைத்த நேரமும் சந்தர்ப்பமும்’ என்று அதில் தலைப்பு அச்சடித்திருந்தார்கள். அவர்கள் கேட்டது வலியை. டிரைவரோ பள்ளிக்கூடத்தில் தமிழை ஒழுங்காகப் படித்தவர். நெஞ்சை எது அடைத்தாலும் எழுதினார். ‘காலை 7.10: என் பஸ்ஸை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போனபோது. 7.40: மச்சான் என் நாற்காலியில் உட்கார்ந்தபோது. 7.45: மச்சான் எழுந்திருக்காதபோது.’

மச்சான் என்பவர் டிரைவர் மனைவியின் அண்ணன். நாலு நாள் தங்கிவிட்டுப் போக வந்து மூன்று வருஷம் ஆகிறது. வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆனால் ஓட்டுகிறவர்களை ஓட்டுவதில் மன்னர்.

ஒரு மாதத்து நோட்டை, ஆராய்ச்சிக்குக் கணக்குப் பார்க்கிற புள்ளிவிவரக்காரர் கூட்டிப் பார்த்தார். நாற்பத்து மூன்று அடைப்பு. அதில் முப்பத்தொன்று மச்சான் பக்கத்தில் இருக்கும்போது. மற்ற நோயாளிகளின் நோட்டுகளையும் புரட்டினார். வீட்டுக்கு வீடு மச்சான்.

அந்த மச்சான்களை ஊருக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்றார் சிஸ்டர். புள்ளிவிவரக்காரர் கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல் முகம் சுளித்தார்.

“பேஷண்ட் சொன்னா அது புலம்பல், சிஸ்டர். பாதிப் பேருக்கு அசல் மச்சான், பாதிப் பேருக்கு வெத்து மச்சான் குடுத்துப் பாத்தாத்தான் அது ஆராய்ச்சி.”

ஒன்பது பேர் கொண்ட குழு இதற்கு அனுமதி தர வேண்டும். ஏழு பேர் உடனே கை தூக்கினார்கள். மற்ற இருவரும் யாருக்கோ மச்சான்களாக இருந்ததால் ஒதுங்கிக்கொண்டார்கள்.

மச்சான்களை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து ஒரு கதவு வழியாக உள்ளே அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து மறு கதவு வழியாக வெளியே வந்தது மச்சானாகவும் இருக்கலாம். மச்சானைப் போலவே மூக்கு, மச்சம், குறட்டை எல்லாம் பொருத்திய நாடக நடிகராகவும் இருக்கலாம். வந்தவர் தாம் அசலா வெத்தா என்று ஆறு வாரத்துக்கு வாய் திறக்கக் கூடாது. வீட்டாரும் கருத்துச் சொல்லக் கூடாது. எங்கள் அண்ணனை எனக்குத் தெரியாதா என்று ஆரம்பித்த டிரைவர் மனைவியிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

வந்தவரை டிரைவர் இரண்டு நாள் உற்றுப் பார்த்தார். அதே நாற்காலி, அதே கால்மேல் கால். மூன்றாம் நாள் அந்த மனிதர் சாப்பிட்ட தட்டைத் தாமே கழுவி வைத்தார். டிரைவருக்குச் சந்தேகம் தீர்ந்தது. மூன்று வருஷத்தில் மச்சான் தட்டைக் கழுவியதில்லை. இது வெத்து.

“என்ன மாப்ளே, குடைங்கல்லாம் ஒழுங்கா பிரேக் புடிக்குதா?” என்றது வெத்து.

முன்பென்றால் டிரைவர் மாரைப் பிடித்துக்கொண்டு நோட்டைத் தேடியிருப்பார். இப்போது நாடகம் பார்க்க வந்தவர்போல் தலையைச் சாய்த்து ரசித்தார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க. அந்த மூக்கச் சுளிக்கிறது இருக்கே, அப்படியே அச்சு.”

வந்தவர் விழித்தார். அந்த விழிப்பையும் டிரைவர் பாராட்டினார். மூன்றாம் வாரத்திலிருந்து நோட்டில் ஒரு வரிகூட விழவில்லை.

ஆறாம் வாரம் ஓடும் பட்டையில் ஒன்பது நிமிஷம் கேட்டதற்குப் பதினொன்று நடந்தார். பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார். புள்ளிவிவரக்காரர் குறுக்கே கையை நீட்டினார். உறையைப் பிரித்த பிறகுதான் கையெழுத்து, அதுதான் விதி.

“டாக்டர், அதப் பிரிக்காதீங்க,” என்றார் டிரைவர். “வெத்துன்னு இருந்தா சரி. அசல்னு வந்துட்டா, இங்கயே அடைச்சிடும். ஸ்டியரிங் போச்சு.”

டாக்டர் உறையைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிரித்தார். உள்ளே இரண்டு சீட்டுகள். முதல் சீட்டைப் படித்து, மாத்திரை வெத்து என்று அறிவித்தார். டிரைவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டாவதைப் புள்ளிவிவரக்காரரிடம் காட்டினார். அவர் வாய் பிளந்தது.

“இத அவர்கிட்ட சொல்லியே ஆகணும், டாக்டர்.”

“நீங்க எந்த பஸ்ல வீட்டுக்குப் போறீங்க?”

“பன்னெண்டு.”

“சொல்லணுமா?”

புள்ளிவிவரக்காரர் சீட்டை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை டிரைவர் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, தம் இருக்கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் மச்சான் வந்து உட்கார்ந்து, முன்னால் குனிந்தார்.

“மாப்ளே, ஆறு வாரம் முடிஞ்சிடுச்சு, இனிமே சொல்லலாம். நடிகனும் இல்ல, மண்ணும் இல்ல. நான்தான் அசல். அன்னைக்குத் தட்டக் கழுவினது, ஆஸ்பத்திரியில பத்து நாளும் கழுவாட்டி ஊசி போடுவேன்னு அந்த சிஸ்டர் மிரட்டினதுல வந்த பழக்கம்.”

டிரைவரின் கை ஸ்டியரிங்கை விட்டு அரை அங்குலம் நகர்ந்தது. கண்ணாடியில் அந்த முகத்தையே பார்த்தார். பிறகு கை பழைய இடத்துக்குத் திரும்பியது.

“ஆறு வாரம் முடிஞ்ச பிறகும் வேஷத்தக் கலைக்க மாட்டேங்கறீங்க பாருங்க, அதுக்குப் பேருதான் தொழில் பக்தி,” என்றபடி கியரைப் போட்டார். “எங்க மச்சானப் பாத்தா, நான் ரொம்ப விசாரிச்சதா சொல்லுங்க.”

பஸ் கிளம்பியது. மச்சானுக்கு நெஞ்சை அடைத்தது.