ஆர்விட் செல்ம் தளத்தில் இருக்கும்வரை

என் மனைவி டெல்சி இறந்த பிறகும் நான் ஐஸ் ஹாக்கி பார்ப்பதை நிறுத்தவில்லை. ஆட்டம் கனடாவில் இரவில் நடக்கும். ஓசூரில் அப்போது விடிந்துகொண்டிருக்கும். கம்பெனி பஸ் வருவதற்குள் பார்த்துவிடலாம்.

எனக்கு அந்த விளையாட்டு புரியாது. அவளுக்கு அதில் ஒரே ஒரு ஆளைப் பிடிக்கும். ஆர்விட் செல்ம். கோல் போடுகிறவன் இல்லை, டிஃபென்ஸ்மேன். பறந்து வரும் ரப்பர் வட்டைத் தன் உடம்பைக் கொடுத்துத் தடுப்பவன்.

"கோல் போட்டா ஊரே கை தட்டும். இவன் தடுத்தத எவன் பாக்கறான்? மலை கணக்கா நிக்கறான் பாரு."

"உன் மலை அடிக்கடி போய் உக்காந்துக்குதே."

"அது ஷிப்ட்டு. முக்கா நிமிஷ ஷிப்ட்டு. ரிலீவர் வந்தாத்தான் வெளிய வருவான். உன்ன மாதிரி பஸ்ஸுக்கு முன்னாடியே ஓட மாட்டான்."

நாங்கள் இருவரும் வேலை பார்த்த லைனில் அதுதான் வழக்கம். அடுத்த ஆள் வந்து மெஷினில் கை வைக்காமல் யாரும் நகரக் கூடாது.

ஐப்பசியில் காய்ச்சல் வந்து போய்விட்டாள்.

டிசம்பரில் ஒரு காலை. போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தேன். செல்ம் பனித்தளத்தில் இறங்கினான். பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. ஆள் உட்கார்ந்தால் அதன் கால்கள் கொஞ்சம் விரியும். விரிந்தன. ரிலீவர் வந்து அவன் வெளியேறியதும் நேராயின.

அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அப்படித்தான். அவன் தளத்தில் இருக்கும்வரை அவள் இருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பேசவும் இல்லை. முக்கால் நிமிடம் போதுமாக இருந்தது.

ஜனவரியில் அவள் அம்மா லூர்தம்மாள் எலத்தகிரியிலிருந்து வந்தார். காலையில் நாற்காலியை இழுக்கப் போனார்.

"அதுல உக்காராதீங்க அத்தை."

"ஏன் மாப்ள, காலு ஒடஞ்சிருக்கா?"

"ஆமா."

"ஒடஞ்ச நாற்காலிய நடு வூட்ல போட்டுக்கிட்டு, எவனோ சறுக்கறத பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. நல்ல குடித்தனம்."

தோசை ஊற்றப் போனார்.

ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில் வட்டு செல்மின் தாடையில் பட்டது. குப்புற விழுந்தான். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். அவனைச் சுற்றி நின்றார்கள். அவன் அசையவில்லை.

நாற்காலியின் கால்கள் விரிந்தபடியே இருந்தன.

முக்கால் நிமிடம் தாண்டியது. அவள் இவ்வளவு நேரம் இருந்ததில்லை. தேங்காய் எண்ணெயும், மெஷின் சூடாகாமல் இருக்க ஊற்றும் கூலண்ட்டும் கலந்த வாசனை வந்தது. வேலை முடிந்து வரும்போது அவளிடம் இருக்கும் வாசனை. நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டேன். சூடாக இருந்தது.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவனைத் தூக்கிவிட்டால் இவள் போய்விடுவாள். மாதாவே, அவன் எழக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அங்கேயே கிடக்கட்டும். மூச்சு நின்றாலும் சரி, கிடக்கட்டும்.

"ஏந்திரி."

அவள் குரல். என்னிடம் சொல்லவில்லை.

அடுப்படியிலிருந்து அத்தை, "என்னடி?" என்றார். பிறகு கரண்டிச் சத்தம் நின்றது.

செல்ம் ஒரு முழங்காலை ஊன்றினான். இரண்டு பேர் தோள் கொடுக்க, தலையைத் தொங்கவிட்டபடி வெளியேறினான். பனியில் சிவப்பாக ஒரு கோடு. வேறொருவன் தடுப்பைத் தாண்டி உள்ளே குதித்தான். என் கைக்கு அடியில் பிளாஸ்டிக் குளிர்ந்தது.

அத்தை அடுப்படி வாசலில் நின்றிருந்தார். நாற்காலியின் கால்கள் நேராவதைப் பார்த்துவிட்டார்.

"இங்கதான் இருந்தாளா?"

"ஆமா."

"திரும்ப வருவாளா?"

"அவன் எறங்கினா வருவா."

அத்தை ஊருக்குப் போகவில்லை. செல்ம் சில வாரங்கள் கழித்து, தாடைக்குக் கவசம் மாட்டிக்கொண்டு இறங்கினான். இருவரும் தரையில் உட்கார்ந்து நாற்காலியையே பார்த்தோம். அவன் இறங்கினான், ஏறினான், மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்தது. கால்கள் அசையவே இல்லை.

"ஏன் மாப்ள வரல?"

தெரியவில்லை என்றேன். அன்று மாதாவிடம் நான் கேட்டது பக்கத்தில் இருந்தவளுக்கும் கேட்டிருக்கும்.