ஏழாம் வரி

மேற்றிசைக் கடலில் எழுந்த உப்புக்காற்று, துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் இடையே நுழைந்து, மிளகாயும் கருவாடும் மணக்கும் பண்டகசாலைச் சந்துகளில் திரிந்து, கொட்டாஞ்சேனை மேட்டில் ஏறி, தேவாலயத்தின் பெருங்கவிகையைத் தழுவி இறங்கிய ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அது. பூசை முடிந்து வெள்ளுடை மாந்தர் படியிறங்கினர். கீழ்த்தெருவில் கோயில் மணி ஒலித்தது. தேநீர்க்கடை வாயிலில் நான்கு மொழிகளில் விலைபேசும் குரல்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. நூல்நயம் அறிந்த அன்பரே, இவ்வளவையும் கேட்டு இன்பமான ஊர் என்று எண்ணிவிடாதீர். ஆண்டு தொண்ணூற்றேழு. முந்திய கிழமைதான் நகரின் நடுவே ஒரு குண்டு வெடித்திருந்தது. அதன்பின், முன்பே இருந்தவை போதாவென்று, சந்திக்குச் சந்தி மணல்மூட்டை அடுக்கிய காவலரண்கள் புதிதாக எழுந்தன. தமிழ்ப்பெயர் பொறித்த அடையாள அட்டை உடையோர் அது பையில் இருக்கிறதா என்று இருமுறை தொட்டுப் பார்த்தே வீட்டைவிட்டு இறங்கினர். தெருவில் தமிழிற் கதைப்போரின் குரல் தானாகவே தாழ்ந்துவிடும்.

அத்தகைய தெருவில் அன்று அறுவர், ஒருவர் தோளை மற்றவர் பற்றியவராய், வரிசையாக நடந்து சென்றனர். முன்னே சென்றவள் பிறிஜெற், முப்பது அகவையினள், பார்வையற்றோர்க்குப் புள்ளியெழுத்தில் நூல் அச்சிடும் சிறு கூடமொன்றில் பணிசெய்பவள். அறுவருள் கண் தெரிந்தவள் அவள் ஒருத்தியே. ஊரின் பழஞ்சிறப்புகளைக் காட்டும் நடைகள் கொழும்பில் அந்நாளிலும் உண்டு. ஆனால் அவை நிழற்படக் கருவி தூக்கியோர்க்கும் ஆங்கிலம் பேசுவோர்க்குமே உரியனவாய் இருந்தன. நூல் இரவல் பெற வந்த ஸமீமா என்னும் பெண் ஒருநாள், "நாப்பது வருசமா இந்தக் கோயில் மணி கேக்கிறன், பிறிஜெற். மணிக்குக் கீழ என்ன ஈக்கிதெண்டு ஒத்தரும் எனக்குச் சொல்லல்லியே," என்று கேட்டாள். மாளிகாவத்தை அடுக்கு வீட்டிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வந்து, ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை செய்பவள் அவள். அந்தக் கேள்விக்கு விடையாகவே திங்களுக்கு ஒருமுறை இந்நடை தொடங்கிற்று. தேவாலயத்தின் தூணும், கருங்கற் கோயிலின் செதுக்கு வேலையும், துறைமுகத்தருகே நிற்கும் கிறித்தவப் புனிதர் கோயிலின் பழங்கதவும் விரல்களுக்கும் உரியன என்பது பிறிஜெற்றின் கொள்கை. "கும்பிட வரல்ல, தொட்டுப் பாக்க வந்தன்," என்று கருங்கற் கோயில் வாயிலில் ஸமீமா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். குருக்களும் நகைத்து வழிவிட்டிருந்தார்.

வெள்ளவத்தையிலிருந்து வருபவர் தியாகராசா. முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்து ஓய்வுபெற்றபின் நீரிழிவினாற் பார்வை இழந்து, அறுபத்திரண்டாம் அகவையிற் புள்ளியெழுத்துக் கற்றவர். சான்று சொல்பவன் இருமினால் அந்த இருமலையும் மொழிபெயர்த்தாரென்று அவரைக் கேலிசெய்வர். ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ அறியாத மனிதர். அந்தப் பெருமை அவருக்குச் சற்று மிகுதியாகவே உண்டு. ஏனைய மூவரும் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மக்கள்.

நடைக்கென்று பிறிஜெற் ஒரு தடித்த தாளிற் பத்து வரிகளைப் புள்ளியாகக் குத்தியிருந்தாள். எங்கே எத்தனை அடி நடக்கவேண்டும், எத்தனை படி ஏறவேண்டும், கை நீட்டினால் எது தட்டுப்படும் என்பன அதில் இருந்தன. அவளுக்குத் தூயதமிழ்ப் பித்து உண்டு. துவாரபாலகர் என்று ஊரெல்லாம் சொல்லும் கற்சிலைகளை அவள் நான்காம் வரியில் வாயிற்காவலர் என்று எழுதினாள். விளங்குமா என்று ஸமீமா கேட்டபோது, "தமிழிலை எழுதினால் தமிழ் ஆக்களுக்கு விளங்காதோ?" என்று சினந்தாள். இக்கதை சொல்லும் எனக்கும் அதே பித்து உண்டாதலால் அவளைக் கடிய எனக்கு வாய் வரவில்லை.

ஏழாம் வரியின் கதை வேறு. சென்ற திங்கள் நடையின்போது, கோயிலிலிருந்து துறைமுகப் பக்கம் இறங்கும் தெருவில், நடைபாதையை மறித்துக் கிடந்த மணல்மூட்டையில் தியாகராசா முழங்காலை நன்றாக இடித்துக்கொண்டார். "பிள்ளை, உந்த மண்மூட்டையையும் எழுதிவிடும். கோயில் தூண் ஒண்டும் என்னை இடிக்கேல்லை. உதுதான் இடிச்சது," என்று அவர் முனகினார். பிறிஜெற்றும் அவர் முழங்காலை மட்டுமே நினைந்து, இந்த நடைக்கு முந்திய நாள் மாலை, ஏழாம் வரியை இவ்வாறு குத்தினாள்: இருநூற்றுப் பத்தாம் அடி, காவலரண், மணல்மூட்டை, இடப்புறம் ஒதுங்குக. படையினரின் அரண் எங்கே எத்தனையாம் அடியில் நிற்கிறதென்று ஒரு தமிழ்ப்பெண் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு திரிவதன் பொருள் என்ன என்பது அவள் மனத்திற் படவேயில்லை.

தேவாலயத்திற்கும் கருங்கற் கோயிலுக்கும் இடைப்பட்ட சந்தியிற் புதிதாக எழுந்திருந்த சோதனைச்சாவடியில் அது பட்டது. அட்டைகளைப் பார்த்த இளம் படைவீரன் அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் புரட்டினான்; வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். மை இல்லை, எழுத்து இல்லை, வரிசை வரிசையாய்ப் புள்ளிகள் மட்டுமே. அவன் முகம் வெளிறிற்று. அவனும் ஒரு தாய்க்கு மகன். முந்திய கிழமை வெடித்தது அவன் காதிலும் விழுந்திருக்கும். அவன் கூவியழைக்க, மணல்மூட்டைக்குப் பின்னிருந்து அதிகாரி ஒருவர் எழுந்து வந்தார். ஓரளவு தமிழ் தெரிந்த காவலர் ஒருவரும் உடன் வந்தார். அதிகாரி சிங்களத்தில் வினவியதை நம் மொழியில் தருகிறேன்.

"என்ன மறைமொழி இது?"

"கண் தெரியாதவர்கள் வாசிக்கும் எழுத்து, ஐயா."

"அப்படியானால் இந்த இடத்தை வாசி," என்று அவர் தாளின் நடுவே விரலை வைத்தார். அது நான்காம் வரி.

சிறுவயது முதல் பேசிய சிங்களம் அந்நேரத்திற் பிறிஜெற்றின் நாவைவிட்டு ஓடிவிட்டது. எழுதியதை எழுதியவாறே தமிழில் வாசித்தாள்: "வாயிற்காவலர் இருவர். கையிற் படை உண்டு. ஒன்பதாம் அடியில் இடமும் வலமும் நிற்பர்."

தமிழ் தெரிந்த காவலர் அதனைச் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் ஒப்புவித்தார். வாயிலைக் காப்போர் இருவர், கையிற் படைக்கலம், ஒன்பது அடி. அதிகாரி மெல்லத் திரும்பிப் பார்த்தார். அவருடைய சாவடியின் வாயிலில், இடப்புறம் ஒருவனும் வலப்புறம் ஒருவனுமாய், சுடுகலன் ஏந்திய படைவீரர் இருவர் நின்றனர். அவர் அங்கிருந்து இங்குவரை உள்ள தொலைவைக் கண்ணால் அளந்ததைப் பிறிஜெற் கண்டாள். சாவடியின் பக்கத்தில் பின்கதவு திறந்தபடி ஒரு பச்சை ஊர்தி நின்றது. அதில் ஏறியோரிற் சிலர் மறுநாளே வந்ததுண்டு, சிலர் ஈராண்டு கழித்து வந்ததுண்டு, வராதோரும் உண்டு. நண்பகலுக்குள் வந்துவிடுவேனென்று தாயிடம் சொல்லி வந்திருந்தாள். அப்போதுதான் ஏழாம் வரி அவள் நினைவிற்கு வந்தது. நான்காம் வரியேனும் கல்லைப் பற்றியது. ஏழாம் வரி உண்மையாகவே அரணைப் பற்றியது.

"முரகல, மஹத்தயா! முரகல!" என்று அவள் தோளின் பின்னிருந்து ஸமீமா உரக்கச் சொன்னாள்.

அதிகாரி நிமிர்ந்தார். முரகல என்பது சிங்களவர் விகாரைப் படியின் இருபுறமும் நிறுத்தும் காவற்கல்லின் பெயர்; மஹத்தயா என்றால் ஐயா. "கோயில் வாசலில் கல்லிலே செதுக்கிய இரண்டு காவற்காரர், மஹத்தயா. உங்கள் விகாரையிலும் இருப்பார்கள். இவள் அவர்களைத்தான் எழுதியிருக்கிறாள்," என்று ஸமீமா தெளிந்த சிங்களத்தில் விளக்கினாள்.

"உனக்குத்தான் கண் இல்லையே. அங்கே முரகல இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாதம் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கத்தவருக்கு மூக்கு நுனி உடைந்திருக்கிறது."

அதிகாரியின் முகத்தில் ஒன்று தளர்ந்து மீண்டும் இறுகிற்று. "சரி. முழுவதையும் நீயே வாசித்துச் சிங்களத்தில் சொல். இவள் அந்தச் சுவரோரம் போய் நிற்கட்டும். வாய் திறக்கக்கூடாது," என்றார்.

ஸமீமாவை ஒரு மரப்பலகையில் இருத்தி மடியில் தாளை வைத்தனர். பிறிஜெற் சுவரிற் சாய்ந்து நின்றாள். அருகில் ஒரு படைவீரன் நின்றான். ஸமீமாவின் வலக்கை விரல் முதல் வரியில் ஓடியது, இரண்டாம் வரியில் ஓடியது. தேவாலயத்துப் படிகள், கவிகை, கோயில் வாயில், காவற்கற்கள், தூண்கள். பிறிஜெற் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து. ஆறு. விரல் ஏழாம் வரியின் தலையில் இறங்கியது, ஊர்ந்தது, நின்றது. ஸமீமாவிடம் அந்த வரியைப்பற்றி அவள் முன்னரே சொல்லியிருக்கவில்லை. சாவடியில் எல்லாரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தனர். எங்கோ ஒரு காகம் கரைந்தது.

பின்பு வலக்கை விரல் எட்டாம் வரிக்கு நகர்ந்தது. "புனிதர் கோயிற் கதவு, தேக்குமரம், அதில் இரும்பு ஆணிகள் வரிசையாக உள்ளன," என்று ஸமீமா மெல்ல, மிகவும் மெல்ல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கையில், தாள் நழுவாமற் பிடித்திருந்ததுபோல் தோன்றிய இடக்கை, பெருவிரல் நகத்தால் ஏழாம் வரியின் புள்ளிகளை ஒவ்வொன்றாய் அழுத்தித் தாளோடு தாளாய்ச் சமன்செய்துகொண்டு போயிற்று. அதிகாரி பார்த்தார், காவலர் பார்த்தார், இருவரும் காணவில்லை. கண்டவள் பிறிஜெற் ஒருத்தியே. கண்டதனால் அவள் அச்சம் இருமடங்காயிற்று.

ஒன்பதாம் வரியும் பத்தாம் வரியும் முடிந்தன. அதிகாரி மூடர் அல்லர். தாளை எடுத்து, வரிசையின் ஓரத்தில் நின்ற தியாகராசாவின் கையில் வைத்தார்.

"இனி நீர் வாசியும். இவள் சொன்னதற்கு ஒரு சொல் மாறினாலும் எல்லாரையும் ஏற்றுவேன்."

இருமலையும் விடாமல் மொழிபெயர்த்த மனிதரிடமா இது போய்ச் சேரவேண்டும்! அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீதிபதியின் முன் நிற்பவர்போல் நிமிர்ந்து, நீதிமன்றச் சிங்களத்தில் முதல் வரியிலிருந்து தொடங்கினார். புதிதாய்க் கற்ற விரல், தட்டித் தடவி நடந்தது. ஆறாம் வரி முடிந்தது. ஏழாம் வரியில் விரல் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் போயிற்று. அவர் நெற்றி சுருங்கிற்று. அந்த வரியை எழுதும்படி கேட்டவரே அவர்தான். அந்த மூட்டையில் இடித்த முழங்கால் இன்னும் நோகிறது. அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

"அடுத்த வரி," என்றார் தியாகராசா. "புனிதர் கோயிற் கதவு. தேக்குமரம்."

கடைசிச் சொல்வரை மாறவில்லை. அதிகாரி தாளை வாங்கி மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டு, "இது இங்கே இருக்கட்டும். நீங்கள் போகலாம். பார்த்துப் போங்கள்," என்றார். கண்ணில்லாத ஐவரிடம் சொல்லப்பட்ட அந்தச் சொல்லுக்கு வேறொருநாளாயின் ஸமீமா வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

தெருமுனை திரும்பியதும் பிறிஜெற் ஒரு படியில் அமர்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அதையும் தாழ்ந்த குரலிலேயே அழுதாள்.

"ஐயா, அந்த வரி உங்களுக்கு விளங்கினதோ?"

"பாதி நிண்டது, பிள்ளை. 'காவல' எண்ட மட்டும் நல்லாய் நிண்டது," என்றார் தியாகராசா. "ஆனா பத்திரத்திலை அழிஞ்ச இடத்தைத் தன்ரை எண்ணத்துக்கு நிரப்ப மொழிபெயர்ப்பாளனுக்கு உரிமை இல்லை. முப்பது வருசமும் நான் அப்பிடித்தான் செய்தனான்." பெருமையோடு தொடங்கிய குரல் முடிவில் உடைந்துபோயிற்று. அவர் கைக்குட்டையால் முகம் துடைத்தார்.

"என்ட நகம் பிஞ்சிட்டு," என்று ஸமீமா பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டை போவம். இனி இந்த நடை வேண்டாம்," என்றாள் பிறிஜெற்.

"பயமாத்தான் ஈக்கிது. எனக்கும்தான். ஆனா வந்த வழியில போனா அவனுகளத்தான் திரும்பவும் தாண்டணும். முன்னுக்குப் போவோம், பிறிஜெற்," என்று ஸமீமா எழுந்து அவள் தோளைத் தேடிப் பற்றினாள்.

அவர்கள் கோயிலுக்குச் சென்றனர். கருங்கல் வாயிற்காவலரின் மூக்கை ஸமீமா இன்னொருமுறை தடவிப் பார்த்தாள்; பின் வரிசையில் நின்றவர் காதோரம் ஏதோ மெல்லச் சொன்னாள். பிறகு துறைமுகப் பக்கம் இறங்கினர். தாள் இல்லை, இருந்தாலும் அந்த வரி அதில் இல்லை. பிறிஜெற் மனத்துக்குள் அடிகளை எண்ணிக்கொண்டு நடந்தாள். இருநூற்றெட்டாம் அடியில், மணல்மூட்டையின் மேலாகச் சுடுகலனின் வாய் இவர்களை நோக்கித் திரும்பிற்று. ஒதுங்குங்கள் என்று தமிழில் உரக்கச் சொல்ல அவள் வாயெடுத்தாள், அஞ்சி அடக்கிக்கொண்டாள். அந்நேரம் அவள் தோளிலிருந்த கை அவளை மெல்ல இடப்புறம் இழுத்தது. ஸமீமா இடம் ஒதுங்கினாள். அவள் பின் தியாகராசா ஒதுங்கினார். அவர் பின் மற்ற மூவரும் ஒதுங்கினர். ஸமீமா காதோரம் சொன்ன அடிகளை எல்லாரும் எண்ணிக்கொண்டே வந்திருந்தனர்.

அன்பரே, முன்னோர் தேட்டம் அனைவர்க்கும் பொதுவென்று மேடைகளில் முழங்கக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தெருவே நினைவில் எழுகிறது. தூணையும் கதவையும் எழுதிய அந்தத் தாள் எந்தப் பேழையிற் கிடந்து மக்கிற்றோ அறியேன். எழுதி அழிக்க நேர்ந்த ஒரு வரியை ஐவர் மனத்தில் எழுதிக்கொண்டு, அஞ்சி அஞ்சி, ஒருவர் தோளை ஒருவர் இறுகப் பற்றி, படைக்கலத்தின் வாய்முன்னே நடந்துபோயினர். அன்று ஒருவர் காலும் இடறவில்லை.