வளர்பிறையில் வெட்டிய கூரை

“அந்தக் கூரைக்குக் கீழ என் பொண்ணோட கல்யாண விருந்து நடக்காது. நடக்காதுன்னா நடக்காது!”

“ஏன் நடக்காது? ஒழுகுதா? நாட்டுல இருக்கிற மூங்கில்காரங்க அத்தனை பேரும் வந்து போட்டோ புடிச்சிட்டுப் போன கூரை, சம்மந்தியம்மா!”

“மாவு கொட்டுதுய்யா! மேஜையத் தொடச்சிட்டுத் திரும்பினா மறுபடி மாவு. உங்க கண்ணுக்கு மட்டும் தெரியலையா?”

“காலையில இருந்து அரெப்பா ரொட்டிக்கு மாவு பிசையறது யாரு? நீங்கதானே? உங்க மாவாத்தான் இருக்கும்.”

கறிக்கடை எலியெசர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். சான் எமிதியோ ஊரில் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு சண்டை மூண்டால் யாரும் கறி வாங்கிக்கொண்டு உடனே வீட்டுக்குப் போவதில்லை. அதிலும் இது சம்மந்திகள் சண்டை. பெண்ணின் அம்மா எதுவினா, மாப்பிள்ளையின் அப்பா டோன் அர்செஸ்யோ. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்.

எதுவினா கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். பின்னால் சிரிப்பு தொடர்ந்தது. அவளுக்குக் கோபம் அர்செஸ்யோ மேல்கூட இல்லை. சிரித்த அந்த முகங்கள் மேல்தான். அவர்களில் ஒருவராவது வளர்பிறையில் மூங்கில் வெட்டுவார்களா? தேய்பிறை வந்து, விடிவதற்கு முன் வெட்டி, வெட்டிய தண்டைத் தோப்பிலேயே சாய்த்து நிறுத்தி, இலையெல்லாம் உதிர்ந்து, வண்டை இழுக்கும் உள்ளே இருக்கும் இனிப்புச் சாறு புளித்துப்போன பிறகுதான் எடுத்து வருவார்கள். கோழிக்கூடு கட்டக்கூட அப்படித்தான். ஆனால் மூங்கில் சங்கத்துக்காரர்கள் முன்னால் மட்டும் நிலாவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இலவச மூங்கில் நாற்று கிடைக்கிறதே!

‘பச்சைத் தண்டு’ தேசிய மூங்கில் சங்கத்துக்கு இந்த ஊர்த் தலைவர் அர்செஸ்யோ. மனைவி போன பிறகு மனிதருக்குச் சங்கம்தான் குடும்பம். சங்கத்தின் தொப்பியைத் தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று ஊரில் ஒரு சந்தேகம் உண்டு. போன வருஷம் தேசிய மாநாடு இங்கே நடக்கும் என்று அறிவித்ததும் ஓர் எஞ்சினியர் பெண் தலைநகரிலிருந்து வந்து வகுப்பெடுத்தாள். வெட்டியதும் மருந்துத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டால் போதும், நிலாவையெல்லாம் பார்க்க வேண்டாம் என்றாள். அர்செஸ்யோ தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டதில் பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார். நிலாவை விட்டார். ஊறப்போடும் தொட்டி வந்து சேரவில்லை. மாநாட்டுத் தேதியோ நெருங்கிவிட்டது. தொட்டியையும் விட்டார். வளர்பிறையில் வெட்டிய பச்சை மூங்கில், சாறு சொட்டச் சொட்ட, வில்லிஸ் ஜீப்களில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு மண்டபத்துக்கு இத்தனையா என்று ஊர் பார்த்தது. வாய் மூடிப் பார்த்தது.

மண்டபம் அழகுதான், இல்லை என்று சொல்ல முடியாது. குடையைக் கவிழ்த்த மாதிரி விரிந்த கூரை. அதற்குக் கீழே ஒரு மூலையில் காப்பிக் கடை போட எதுவினாவுக்கு இடம் கொடுத்தவரும் அர்செஸ்யோதான். அதனால்தான் முதலில் அவள் கண்ணில் பட்டது. மஞ்சள் நிறத்தில், பவுடர் மாதிரி நைசான மாவு. முதலில் ஒரு மேஜையில். பிறகு எல்லா மேஜையிலும். ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் தலைக்கு மேலே யாரோ ரகசியமாகப் பல்லைக் கடிப்பது போலச் சத்தம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் நின்றுவிடும். குனிந்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

வீட்டுக்கு வந்தால் மகள் மரியோரி வாசலிலேயே நின்றிருந்தாள். சந்தைச் செய்தி எதுவினாவுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

“ஏம்மா, என் கல்யாணத்தக் கெடுக்கறதுன்னே கங்கணம் கட்டிட்டியா?”

“கல்யாணம் சர்ச்சுல. அதுக்கு யாரு குறுக்க நின்னா? சாப்பாடு மட்டும் நம்ம களத்துல. காப்பிக்கொட்டை காயவைக்கிற இடம்னு முகத்தச் சுளிக்காதே. அந்தக் கூரை மூங்கில் உங்கப்பா வெட்டுனது. இன்னிக்கும் தட்டுனா மணி மாதிரி சத்தம் வரும்.”

“துபர்னேயோட அப்பா வரமாட்டேன்னுட்டாராம்.”

“வரலைன்னா ஒரு தட்டு மிச்சம்.”

சொல்லிவிட்டாளே தவிர, அது வெறும் தட்டுக் கணக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். மரியோரிக்கு அப்பா இல்லை. விருந்தில் மணப்பெண்ணோடு முதல் ஆட்டம் ஆடவேண்டியது மாமனார்தான். அந்த ஆட்டம் ஆடாமல் போனால் பெண்ணை வீட்டுக்குள் சேர்க்கவில்லை என்றுதான் ஊர் பேசும். ஆயுசுக்கும் பேசும்.

கல்யாண நாளன்று சர்ச்சில் அர்செஸ்யோ வந்து நின்றார், மோதிரம் மாற்றியதும் போய்விட்டார். விருந்துக்கு வந்தவர்கள் களத்தில் உட்கார்ந்து சான்கோச்சோ சூப்பை வாங்கி வாங்கிக் குடித்தார்கள். கோழி குறைவு, வாழைக்காய் அதிகம் என்றும் சொன்னார்கள். மழை பிடித்துக்கொண்டது. வாத்தியக்காரர்கள் ஆட்டப் பாட்டைத் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். மரியோரி வெள்ளை உடுப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நடுவில் தனியாக நின்றாள்.

“சங்க மண்டபத்துல உக்காந்திருக்காரு,” என்றான் எலியெசர், வாயில் கோழி எலும்போடு. “ஒத்த ஆளா. வெள்ளச் சட்டை, தொப்பி, முன்னால ஒரு பாட்டில். ஆடணும்னா பொண்ணு இங்க வரட்டும்னு சொல்லிட்டிருக்காரு.”

“நான் போய்க் கூட்டிட்டு வரேன்,” என்று மாப்பிள்ளை துபர்னே குடையை எடுத்தான்.

எதுவினா “வேண்டாம்ப்பா” என்பதற்குள் அவன் தெருவைத் தாண்டியிருந்தான். அவள் கரண்டியோடு பின்னால் ஓடினாள். குடை எடுக்கத் தோன்றவில்லை.

மண்டபத்துக்குள் அப்பாவும் பிள்ளையும் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். மழையின் இரைச்சலில் அந்தப் பல்கடிச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் நடுத்தூணின் அடியில் மாவு ஒரு சின்னக் குவியலாக இருந்தது. காலையில் அங்கே குவியல் இல்லை. மேலே ஈர ஓடுகளின் பாரத்தில் உத்திரம் நடுவில் தொய்ந்திருந்தது.

“வெளிய வாங்க ரெண்டு பேரும்!”

“வந்துட்டாங்கய்யா நிலாவோட வக்கீல்!” என்றார் அர்செஸ்யோ. சாராயம் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. “‘எங்கப்பன் கட்டுன கூரைக்குக் கீழ நான் நிக்க மாட்டேனா’ன்னு இவன் நிக்கறான் பாருங்க. இவன் என் பிள்ளை.”

“அப்பா, வாங்கப்பா. அவ அங்க தனியா நிக்கறா.”

“இவங்க மன்னிப்புக் கேக்கட்டும். சந்தையில என் மானத்த வாங்குனாங்களா இல்லையா?”

எதுவினா மாப்பிள்ளையைப் பார்த்தாள். உத்திரத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் யாரிடமும் தோற்றதாக ஒத்துக்கொள்ளாத பெண்மணி மழையில் நின்று சொன்னாள்: “என் தப்புதான், டோன் அர்செஸ்யோ. கொட்டுனது என் அரெப்பா மாவுதான்.”

“கேக்கல. மழை சத்தம்.”

“என் மாவுதான்! நிலாவுமில்ல, ஒண்ணுமில்ல! உங்க கூரை உசத்தி! ஆட வாங்க!”

அர்செஸ்யோ முகம் மலர்ந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். துபர்னே குடையை விரித்தபடி படியிறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றான். அப்பாவும் வந்தார், கடைசித் தூண்வரை. அங்கே தலையைத் தடவிப் பார்த்தார். தொப்பி மேஜையிலேயே இருந்தது. திரும்பினார்.

கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். களத்தில் வாத்தியக்காரர்களுக்கே கேட்டதாம். கூரை விழவில்லை, உட்கார்ந்தது. அப்புறம் மழையில் நெடுநேரம் அடங்காமல் மஞ்சள் தூசி எழும்பி நின்றது.

துபர்னேயும் எலியெசரும் ஓடுகளைப் புரட்டி அவரை வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது. இடுப்பு போய்விட்டது. கையில் தொப்பி இருந்தது. கண் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “மழைதான் காரணம்.”

எஞ்சினியர் பெண் வந்து உடைந்த தண்டை உரசிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: இதோடு வெட்டிய மிச்ச மூங்கில் எங்கே போனது? அர்செஸ்யோ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கேட்கும்போதெல்லாம் அப்படியே படுத்துக்கொண்டார். ஜீப் ஓட்டிகளைக் கேட்டால், இறக்கிவைத்ததோடு சரி, அப்புறம் யார் யார் வந்து எடுத்துப்போனார்களோ என்கிறார்கள். அந்த வருஷம் பக்கத்து ஊர்களில் புதிதாகக் கட்டியது எத்தனையோ. ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம்கூட உண்டு. அதனால் இப்போது எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் விரலால் மேஜையைத் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அர்செஸ்யோவை, காலி நகரத்தில் இருக்கும் தங்கை வந்து கூட்டிப்போய்விட்டாள். அந்த முதல் ஆட்டத்தைக் கடைசியில் எலியெசர்தான் மரியோரியோடு ஆடினான். அவனும் அடுத்த ஜனவரியில் மருந்துக்கடைப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். மரியோரியும் துபர்னேயும் ஸ்பெயினுக்குப் போய்ச் சரகோசாவில் சிமெண்டு வீட்டில் ஏழாவது மாடியில் இருக்கிறார்கள். போனில் பேசும்போதெல்லாம் எதுவினா மகளிடம் முதலில் கேட்பது சௌக்கியத்தை அல்ல.

“மேஜைய தொடச்சியாடி?”