விளக்குக் கம்பத்தின் மற்ற முளை

"சுனாமி மறைச்ச இடத்தக் கடலிட்டயிருந்து திருப்பி வாங்கினவன் நான். ரெண்டே ரெண்டு முக்கோணி. கடல் தலையச் சொறிஞ்சுகொண்டு நிண்டது" என்றார் வேலப்போடி சேர்.

ஓட்டமாவடித் தேநீர்க் கடை சிரித்தது. கணிதம் படிப்பித்த காலத்தில் ஒரு தசமப்புள்ளியைக்கூட நகரவிடாத மனுசன், ஓய்வு பெற்ற பிறகு பிடித்ததாகச் சொல்லும் மீன்களுக்கு வாவியே போதாது. எல்லோரும் மூலையிலிருந்த மர்சூக்கைப் பார்த்தார்கள். சேரின் எந்தக் கதையையும் பொய்யென்று அடித்துச் சொல்லும் இரும்புக் கடைக்காரன் அவன். அன்றைக்கோ வாகரைக் கடற்கரைதான் அவன் கண்ணுக்குள் நின்றது.

சண்டை ஓய்ந்து சனம் முகாம்களிலிருந்து திரும்பியிருந்த நேரம். புதுவீடுகளுக்கு அத்திவாரக் கயிறு கட்டியிருந்தார்கள். பத்தினிப்பிள்ளை அந்தக் கயிற்றுக்கு முன்னால் உட்கார்ந்து எழும்ப மறுத்தாள். சுனாமியன்று மகள் கலாஜினியை, மீனவர் சங்க விளக்குக் கம்பத்தின் கடல்பக்க முளையடியில் கையால் தோண்டிப் புதைத்தவள் அவள். பிறகு ஷெல்லடிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது கம்பம் நின்றது. அதை இருபக்கமும் இழுத்துப் பிடித்திருந்த கம்பிகள் இல்லை. கம்பிகளைக் கட்டியிருந்த இரும்பு முளைகளில் தரைப்பக்கத்தது மட்டும் தெரிந்தது. கடல்பக்கம் முழுக்க ஒரே மணல்.

"என்ட புள்ள கிடக்கிற இடத்துக்கு மேல ஆரும் அடுப்பு மூட்டக்கூடா, தம்பி."

அந்தக் கம்பிகளைக் கட்டிக் கொடுத்தவனே மர்சூக்தான். "கடல் பிரட்டின மண்ணில எங்க சேர் தேடுற?" என்று கூட வந்திருந்த சேரிடம் கேட்டான்.

"ரெண்டு கம்பியையும் எப்பிடி வெட்டின நீ?"

"ஒரே சுருள். நடுவில மடிச்சு வெட்டின."

"அப்ப சரிவாப் போற கம்பிதான் செம்பக்கம், ரெண்டும் சமன். கம்பம் ரெண்டுக்கும் பொதுப்பக்கம். அடியில செங்கோணம். ரெண்டு முக்கோணியும் ஒருங்கிசையும் மனே. இந்த முளை எவ்வளவு தூரமோ, மத்ததும் அவ்வளவுதான்."

"கம்பம் சரிஞ்சிருந்தா?"

சேர் அதற்குப் பகிடி சொல்லவில்லை. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, காற்று அடங்கும்வரை நின்றார். நூல் கம்பத்தை விட்டு விலகவில்லை. பிறகு முளையிலிருந்து கம்பத்தடிக்குக் கயிறு பிடித்து, அதே நீளத்தை நேர்கோட்டில் கடல்பக்கம் நீட்டினார்.

கயிறு முடிந்த இடத்தில் மர்சூக் தோண்டுவதற்கு அலவாங்கைத் தூக்கினான். இறக்க மனம் வரவில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு, முழந்தாளிட்டுக் கையால் மண்ணை அள்ளினான். முழங்கை புதையும் ஆழத்தில் விரலில் இரும்பு தட்டியது. முளையின் துருப்பிடித்த வளையம். அதில் அறுந்த கம்பி, அவன் மட்டுமே போடும் இடக்கை முடிச்சோடு.

பத்தினிப்பிள்ளை அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "போதும் தம்பி. இதுக்கு மேல தோண்டாதீங்க."

அள்ளிய மண்ணை அவளே திரும்பத் தள்ளி மூடினாள்.

"என்ன மர்சூக், பொய்தானே?" என்று கடையில் யாரோ கேட்டார்கள். சேர்கூட அவன் முகத்தைப் பார்க்காமல் வீதியைப் பார்த்தார்.

மர்சூக் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "கடல் தலையச் சொறியல்ல" என்றான். "மத்ததெல்லாம் நடந்ததுதான்."